ஒருவர் பெயரில் கொண்டோ, இருவருக்கும் வீவக வீடு: ஹெச்எஃப்இ கடிதச் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

2023 மே 9 முதல், சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு வாங்க நினைக்கும் எவருக்கும் முதல் படி ஹெச்எஃப்இ எனப்படும் வீட்டுத் தகுதிக் கடிதம்தான். முதல் வீடு தேடும் இளந்தம்பதிக்கு இது அருமையான சேவை. இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே கொண்டோ போன்ற தனியார் வீடு இருந்தால் நிலைமை வேறு. உங்களுக்குத் தகுதி உண்டா, இல்லையா என்பதைக் கடிதம் சொல்லிவிடும். எதை எப்போது விற்றால் தகுதி வரும் என்ற தேதிக் கணக்கை நாமேதான் போட வேண்டும். அதில் பிசகினால் வீணாவது பல மாத வாடகை.

முதலில் நிறை. வீவக இணையவாசலில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக நுழைந்தால் பெரும்பாலான விவரங்கள் தாமாகவே நிரம்பிவிடும். முதல் கட்டம் பூர்வாங்கச் சோதனை. அதை முடித்த 30 நாள்களுக்குள் இரண்டாம் கட்டமான முறையான விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும், தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. வாங்கும் தகுதி, மானியம், வீவக கடன் தொகை மூன்றும் ஒரே கடிதத்தில் வந்துவிடுகின்றன. வங்கியின் கொள்கையளவிலான கடன் ஒப்புதலுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். கடிதம் 9 மாதம் செல்லுபடியாகும். தாமதத்துக்கு ஒரு பொதுவான காரணம் உண்டு. விண்ணப்பத்தில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் தத்தம் சிங்பாஸில் நுழைந்து உறுதிசெய்ய வேண்டும். ஊருக்குப் போன மாமியாரையும் குடியிருப்பாளராகச் சேர்த்துவிட்டு அவர் உறுதிசெய்யாமல் விட்டால், எல்லாம் அங்கேயே நிற்கும்.

அடுத்தது நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். "தனியார் வீடு உள்ளதா?" என்ற கேள்விக்குப் பலரும் சிங்கப்பூரை மட்டும் நினைத்து "இல்லை" என்று குறித்துவிடுகிறார்கள். வீவகவின் கணக்கில் வெளிநாட்டு வீடும் தனியார் வீடுதான். பரம்பரையாக வந்த பங்கு, உயிலில் கிடைத்தது, பினாமி பெயரில் இருப்பது எல்லாம் இதில் அடங்கும். கும்பகோணத்தில் தாத்தா கட்டிய வீட்டில் அண்ணன் தம்பிகளோடு மனைவிக்கும் பங்கு இருக்கிறது என்றால், அவர் அந்த வீட்டில் ஒரு நாள் தங்கியதில்லை என்பது இங்கே பொருட்டல்ல. இரண்டாவது வீடு வாங்கும்போது கட்டும் கூடுதல் முத்திரைத் தீர்வைக்கான கணக்கு இதிலிருந்து மாறுபட்டது. உள்நாட்டு வருவாய் ஆணையம் சிங்கப்பூரில் உள்ள குடியிருப்புச் சொத்துகளை மட்டுமே எண்ணுகிறது. ஒரே கும்பகோணம் வீடு ஓர் அமைப்பிடம் கணக்கில் வரும், இன்னொன்றிடம் வராது. ஒரு பக்கம் கிடைத்த பதிலை மறுபக்கத்துக்கும் பொருத்திவிட வேண்டாம்.

பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரையிடப்பட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். வாய்மொழியாக விட்டுக்கொடுத்தது கணக்கில் வராது, பதிவான பத்திரம்தான் பேசும். அதனால் வீடு தேடும் முன்பே ஊர்ப் பத்திர வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இனி காத்திருப்புக் காலம். 2022 செப்டம்பர் 30க்கு முன்பு, மானியமில்லாத மறுவிற்பனை வீவக வீட்டை வாங்கிவிட்டு அதன்பின் 6 மாதத்துக்குள் கொண்டோவை விற்கலாம் என்றிருந்தது. பழைய நண்பர்கள் இன்றும் அதைத்தான் சொல்வார்கள். அன்று வந்த விதி, தனியார் வீட்டை விற்று 15 மாதம் கழிந்த பிறகே மறுவிற்பனை வீடு வாங்க முடியும் என்கிறது. தற்காலிகம் என்று சொல்லியே கொண்டுவரப்பட்ட விதி என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதைப் பாருங்கள். மானியமோ வீவக கடனோ வேண்டுமானால் 30 மாதம். கொண்டோவை வாங்குபவர் முன்பணம் தந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்காதீர்கள்; விற்பனை சட்டப்படி நிறைவடைந்த நாளைத்தான் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே சுமார் 3 மாதம் ஓடிவிடும்.

அந்த 15 மாதத்துக்கு எங்கே குடியிருப்பது என்பதைக் கொண்டோவை விற்பனைக்குப் போடும் முன்பே முடிவுசெய்யுங்கள். வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம், தனியார் வீட்டில் 3 மாதம். ஓராண்டு ஒப்பந்தத்தோடு மேலும் 3 மாதம் என்று தொடக்கத்திலேயே உரிமையாளரிடம் பேசி எழுத்தில் வாங்கிவிட்டால், கடைசி நேரத்தில் பெட்டி படுக்கையோடு அலைய வேண்டியிராது.

55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் அவர்களுடைய துணைவர்களுக்கும் விலக்கு உண்டு. நாலறை அல்லது அதைவிடச் சிறிய மறுவிற்பனை வீடென்றால் 15 மாதம் காத்திருக்க வேண்டாம், வாங்கிய பின் 6 மாதத்துக்குள் தனியார் வீட்டை விற்றால் போதும். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் கையில் ரொக்கம் இல்லாதவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். கணவர் பெயரில் கொண்டோ, மனைவிக்குச் சொத்தில்லை, இருவரும் குடிமக்கள், வீட்டின் விலை 600,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இருவர் பெயரிலும் வாங்கினால் மனைவிக்கு இது முதல் வீடு என்பதால் சலுகை எதுவும் இல்லை. முழு விலைக்கும் கூடுதல் முத்திரைத் தீர்வை 20 விழுக்காடு, அதாவது 120,000 வெள்ளி. வழக்கமான முத்திரைத் தீர்வை 12,600 வெள்ளி தனி.

இரண்டாவதை வாங்கிய 6 மாதத்துக்குள் முதல் வீட்டை விற்ற தம்பதி 120,000 வெள்ளியைத் திரும்பப் பெறலாம். ஆனால் முதலில் கட்டியாக வேண்டும், விற்ற 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும். கொண்டோவை விற்க வீவக சொல்லும் 6 மாதத்தையும் வரி ஆணையம் சொல்லும் 6 மாதத்தையும் ஒன்றெனக் கொள்ள வேண்டாம். விற்பவர் உங்களுக்கு வீட்டை வாங்கும் உரிமை தரும், ஓடிபி எனப்படும் விருப்புரிமை ஆவணத்தை நீங்கள் கையெழுத்திட்டு ஏற்ற நாளிலிருந்தே இரண்டையும் எண்ணிவருவது பாதுகாப்பு. விற்பனை நிறைவுக்கே 3 மாதம் தேவைப்படுவதால், ஆள் தேட உண்மையில் மிஞ்சுவது முதல் 3 மாதம்தான்.

கொண்டோவின் வங்கிக் கடன் இன்னும் இருந்தால் நிலை இன்னும் இறுக்கம். இரண்டாவது வீட்டுக் கடனின் வரம்பு 45 விழுக்காடு. 600,000 வெள்ளி வீட்டுக்கு 270,000 வெள்ளி கடன், 150,000 வெள்ளி கட்டாய ரொக்கம். கடன் காலம் 65 வயதைத் தாண்டினால் வரம்பு 25 விழுக்காடாக இறங்கும். 45 விழுக்காட்டைத் தக்கவைக்க வேண்டுமானால் 58 வயதுக்காரருக்கு 7 ஆண்டுத் தவணை என்று அர்த்தம். மாதத் தவணையோ வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கொண்டோ கடனை முதலில் அடைக்க முடியாதவர்கள் இந்த விலக்கை நம்பி இறங்காமலிருப்பதே நல்லது. இணையவாசல் வீவக விதியைச் சொல்கிறது. தீர்வையையும் வங்கி வரம்பையும் தேதிகளோடு ஒரே பக்கத்தில் கோத்துக் காட்டவில்லை. சேவையின் பெரிய குறையாக நாம் காண்பது இதைத்தான்.

துணைவர் பெயரில் உள்ள வீவக வீட்டின் பங்கை விலைக்கு வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. 2016 ஏப்ரலிலிருந்து குடும்பத்துக்குள் உரிமை மாற்றத்துக்குத் திருமணம், மணவிலக்கு, உரிமையாளரின் மரணம், பண நெருக்கடி, குடியுரிமையைக் கைவிடுதல், மருத்துவக் காரணம் ஆகிய ஆறு சூழல்களே பொதுவாக ஏற்கப்படுகின்றன. இன்னொரு சொத்து வாங்குவதற்காக ஒருவர் பெயரை எடுப்பது அதில் இல்லை.

கடிதம் கைக்கு வந்ததும் நேராக வீடு பார்க்கக் கிளம்பாமல், ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்ற இன ஒதுக்கீட்டைப் பாருங்கள். இந்தியர், பிற இனத்தவருக்கு வட்டாரத்தில் 12, புளோக்கில் 15 விழுக்காடு. வரம்பு நிரம்பியிருந்தால் இந்தியர், பிற இனத்தவர் பிரிவைச் சேர்ந்த விற்பனையாளரிடமிருந்து மட்டுமே நாம் வாங்க முடியும். கலப்புத் திருமணத் தம்பதி இருவரில் ஒருவரின் இனத்தைத் தேர்ந்துகொள்ளலாம். நிலவரம் மாதத்தின் முதல் நாள் புதுப்பிக்கப்படும், ஆகவே ஓடிபி வாங்கும் மாதத்தில் மறுபடியும் பாருங்கள். முதலில் கொடுக்கும் தொகை 1 முதல் 1,000 வெள்ளி, முடிவெடுக்க 21 நாள், ஏற்கும்போது தருவதையும் சேர்த்து 5,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. கடனோ மத்திய சேமநிதியோ பயன்படுத்துவதானால் ஓடிபி கிடைத்த மறு வேலைநாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். மதிப்பு, பேசிய விலையைவிடக் குறைவாக வந்தால் வித்தியாசம் முழுவதும் ரொக்கம். அதை அந்த 21 நாளுக்குள் தெரிந்துகொண்டால், ஏற்காமல் விட்டு, முதல் தொகையை மட்டும் இழந்து விலகிக்கொள்ளலாம்.