பெட்ரோல் டேங்க் துருவும் பழைய லைனிங்கும்: எதை எதால் எடுப்பது?

பல மழைக்காலம் நிறுத்திவைத்த ஆர்எக்ஸ் 100, அப்பா ஓட்டிய யெஸ்டி, பழைய புல்லட். பெங்களூரில் இவற்றுக்கு மறுபடி உயிர் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது ஜே.சி. ரோட்டில், கார்புரேட்டர் கிட் கேட்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டுவார்கள்; கொஞ்ச தூரத்தில் வண்டி மறுபடி நின்றுவிடும். மேலே டேங்கிலிருந்து துருத்தூள் இறங்கிக்கொண்டே இருக்கும்வரை கீழே எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் பெங்களூரில் நடந்த மாநாட்டில்தான் அறிமுகமானது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். துருவையும் ஒழுகலையும் தடுக்க டேங்குக்குள் ஊற்றி இறுகவிடும் பூச்சுதான் லைனிங்; அந்தக் காலத்தில் ஊற்றிய பல லைனிங்குகளை அதே எத்தனால் இளக்கி, தோல் உரிவதுபோல உரிக்கிறது. அதனால் பழைய டேங்கில் துரு, உரியும் லைனிங் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது சகஜமாகிவிட்டது.

எந்த ஆசிட் நல்லது என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சின்ன எல்இடி விளக்கையோ போனில் மாட்டும் குழாய் கேமராவையோ மூடி வழியாக விடுங்கள். செம்பழுப்புத் தூள் என்றால் துரு மட்டும். வெள்ளையாகவோ சாம்பலாகவோ மஞ்சளாகவோ ஏடு தெரிந்தால் யாரோ முன்பு லைனிங் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் லைனிங்தான் முதலில் வெளியே வரவேண்டும். லைனிங் இருக்கும் டேங்கில் ஆசிட் ஊற்றினால் அது விரிசல் வழியாக மட்டும் புகுந்து, ஏட்டுக்கு அடியில் அரித்து, நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தங்கிவிடும்.

லைனிங்கை எடுக்க

அசிட்டோனில் ஆரம்பிப்பதே என் வழி. மெத்தில் எத்தில் கீட்டோனும் அதே குடும்பம். கொஞ்சம் மெதுவாக ஆவியாகும் என்பதால் வேலை செய்ய நேரம் கிடைக்கும். இரண்டு லிட்டர் ஊற்றி, ஓட்டைகளை அடைத்து, மணிக்கொருமுறை டேங்கைப் புரட்டிப் போட வேண்டும். வெள்ளை நிற பழைய லைனிங்குகள் பலவும் இதில் கரைந்து கூழாகிவிடும். லோக்கல் பட்டறையில் ஊற்றிய ஃபைபர் ரெசின் கரையாது. வீங்கி, துண்டு துண்டாகக் கழலும். கெட்டியாகிப்போன எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்து இறுகவிடும் பிசின்) என்றால் நாள்கணக்கில் ஊறினாலும் லேசாகத்தான் அசையும்.

அந்த எபாக்ஸிக்கு மருந்து மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவர். லேபிளில் டைகுளோரோமீத்தேன் என்றும் போட்டிருக்கும். ஏட்டுக்கும் தகரத்துக்கும் இடையிலான பிடிப்பையே உடைப்பதில் இதற்கு இணை இல்லை. ஆனால் மூடிய அறையில் இதன் ஆவி ஆளையே கொல்லும். புற்றுநோய் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் 2024-இல் வீட்டு உபயோகத்துக்கு முழுவதுமாகத் தடை செய்துவிட்டார்கள். சாதாரண ரப்பர் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும். அபார்ட்மெண்ட் பால்கனியிலும் பேஸ்மெண்ட் பார்க்கிங்கிலும் இதைத் திறக்கவே கூடாது. கனமான, காற்றைவிட எடை கூடிய ஆவி என்பதால் பேஸ்மெண்ட் இரண்டிலும் மோசமான இடம்.

இரண்டில் எது என்பதை வெளிப்பெயிண்ட்தான் தீர்மானிக்கும். கம்பெனி பெயிண்டும் ஸ்டிக்கரும் அப்படியே இருக்கும் டேங்க் என்றால், பாலித்தீன் தாள் சுற்றி, புனல் வைத்து, அசிட்டோனோடு பொறுமையாக மல்லுக்கட்டுங்கள். ஒரு சொட்டு வழிந்தாலும் பெயிண்ட் போய்விடும். எப்படியும் புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் ரிமூவரை யோசிக்கலாம், திறந்த வெளியில்.

காஸ்டிக் சோடாவை லைனிங்குக்குப் பலர் சொல்வார்கள். பிசின்போல் இறுகிய பழைய பெட்ரோலையும் எண்ணெய்ப் படிவையும் அது அருமையாக எடுக்கும், லைனிங்கை அவ்வளவாக அசைக்காது. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டிய யெஸ்டிக்கு அந்த முதல் கழுவல் கட்டாயம் வேண்டும். எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் எந்த ஆசிடும் தகரத்தைத் தொடாது. அலுமினிய மூடி, பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் இவற்றைக் கழற்றிவிட்டுத்தான் காஸ்டிக்.

கடைசி வழி டிங்கரிங் கடையில் அடித்தகட்டை வெட்டித் திறப்பது. உள்ளே கை விட்டுச் சுரண்டலாம் என்பதால் சுத்தம் நூற்றுக்கு நூறு. ஆனால் காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தாவது அதனால்தான். பல மாதம் காலியாகக் கிடந்ததுதானே என்று நம்பவே கூடாது; உள்ளே ஒட்டிய பிசினும் சூடானால் ஆவியாகும். சோப்புத்தண்ணீரில் பலமுறை கழுவி, வேலை செய்யும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக்கொண்டு வேலை பார்க்கிற ஆளிடம் மட்டும் கொடுங்கள். லைனிங்கை நெருப்பு காட்டி எரிக்கிறேன் என்று சொல்பவரிடம் டேங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

துருவை எடுக்க

"ஏன்ணா ஒரு நாள் பூரா ஊறப்போடணும்? ஆசிட் ஊத்துங்க, அரை மணியில பளபளன்னு ஆயிடும்." அல்சூரிலும் சிவாஜிநகரிலும் எந்தப் பட்டறையிலும் கேட்கலாம். பாத்ரூம் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக், உண்மையிலேயே அவ்வளவு வேகம். அந்த வேகம்தான் எனக்கு அதன்மேல் உள்ள பயமும். துருவோடு சேர்ந்து அது ஃபெர்ரிக் குளோரைடு ஆகிறது. எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டின் செம்பை அரிக்க விற்பார்களே, அதே சரக்கு. அது இரும்பையும் அரிக்கும். துரு தீர்ந்தபின் நல்ல தகரத்தைத் தின்னத் தொடங்கும். உள்ளே துத்தநாகப் பூச்சு இருந்தால் அதுதான் முதல் பலி. தையல் மடிப்பில் தங்கிய குளோரைடை எத்தனை கழுவினாலும் முழுசாக எடுக்க முடியாது, அங்கிருந்தே துரு மறுபடி கிளம்பும். நாற்பது வருஷத்துத் தகரத்தில் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

என் கை போவது சிட்ரிக் ஆசிடுக்கு. கடைகளில் எலுமிச்சை உப்பு என்றும் கிடைக்கும். லிட்டருக்கு 50 முதல் 70 கிராம். 12 லிட்டர் டேங்குக்கு முக்கால் கிலோ போதும். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் எடுத்துக் கரைத்து, விளிம்புவரை நிரப்புங்கள். அரைகுறையாக நிரப்பினால் மேல்கூரைத் துரு அப்படியே நிற்கும். 12 மணி நேரத்தில் எட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடியும். சிட்ரிக் இரும்பைத் தன்னோடு பிணைத்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்வதால் தூள் படிவது குறைவு. இதுவும் ஆசிட்தான், நல்ல இரும்பை மெல்லத் தொடும். ஆனால் இங்கே கவனிக்க மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது, அங்கே நிமிடங்கள்தான்.

வினிகர் அதே வேலையைச் செய்யும், இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு. நாலைந்து சதவீத அசிட்டிக் ஆசிட்தான் அது. டேங்க் நிறைய பாட்டில் வாங்கும் செலவைக் கணக்குப் போட்டால் சிட்ரிக் தூளே மலிவு. பாஸ்பாரிக் ஆசிட் இரும்பின்மேல் பாஸ்பேட் படலம் விட்டுப்போவதால் உடனே துரு ஏறாது. வெளியே பெயிண்டுக்கு முன் அது சிறப்பு, உள்ளே நிரப்ப விலை கூடும். எவாபோரஸ்ட் போன்ற நடுநிலைக் கரைசல்கள் பெயிண்டையும் தகரத்தையும் தொடாது. விலை பாதகமில்லை என்றால் அரிய டேங்குக்கு அதுவே உத்தமம்.

பேட்டரி சார்ஜரும் சலவை சோடாவும் வைத்துச் செய்யும் மின்பகுப்பு நல்ல தகரத்தை அரிக்கவே அரிக்காது. டேங்குக்கு நெகட்டிவ், உள்ளே தொங்கும் இரும்புக் கம்பிக்குப் பாசிட்டிவ். கம்பி டேங்கைத் தொட்டால் ஷார்ட். எவர்சில்வர் கம்பி கூடாது, நச்சுக் குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்த இடம் வேண்டும். குறை என்னவென்றால், கம்பிக்கு நேரே தெரியும் பரப்புதான் நன்றாகச் சுத்தமாகும். வண்டியின் சட்டத்தின்மேல் (ஃப்ரேம்) உட்காரும் நடுப்பள்ளத்தின் இரண்டு பக்கமும் கம்பியை மாற்றி மாற்றிப் போட வேண்டும். மிச்சம் நிற்கும் லைனிங்குக்கு அடியில் மின்சாரம் போகாது.

நட்டு போல்ட் போட்டுக் குலுக்குவது தனி வைத்தியமாகாது, கட்டியான துருவை உதிர்க்கும் முன்வேலை. சைக்கிள் செயினாகப் போட்டால் ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிடலாம்.

ஊற்றி எடுத்த பிறகு

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சுத்தமான ஈர இரும்பு நிமிடங்களில் ஆரஞ்சாகும். எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே கரைசலைக் கொட்டுங்கள். சலவை சோடாத் தண்ணீரில் ஒரு கழுவல், நல்ல தண்ணீரில் ஒன்று, உடனே கொஞ்சம் அசிட்டோன் சுழற்றி மிச்சத் தண்ணீரை வெளியேற்றல். அசிட்டோன் வாடை முழுக்கப் போன பிறகே ஹேர் டிரையர், அதற்குள் ஒரு பொறி போதும். பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்புக் கலந்தது. கடைசிக் கழுவலுக்கு ஆர்ஓ தண்ணீர் நல்லது. காய்ந்ததும் 2டி (2T) ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றி எல்லாப் பக்கமும் நனையச் சுழற்றுங்கள்.

புது லைனிங் வேண்டுமா? ஓட்டை இல்லாத டேங்குக்கு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. ஊசி ஓட்டை என்றால் பித்தளை வைத்து அடைப்பது லைனிங்கைவிட நிற்கும். அடிப்பகுதி முழுக்க சல்லடையாகி, மாற்று டேங்கும் கிடைக்காதபோது மட்டும் எத்தனாலைத் தாங்கும் எபாக்ஸி லைனிங் ஊற்றுங்கள். ஊற்றுமுன் டேப் துளையில் கிரீஸ் தடவிய போல்ட்டைத் திருகிவிடுங்கள், இல்லாவிட்டால் துளையின் திருகுமறை அடைத்துக்கொள்ளும்.