மூன்றாவது கை: ஸ்டெலார்க்கின் இயந்திரக் கரம் குறித்து ஒரு மதிப்புரை

ஆஸ்திரேலிய நிகழ்த்துகலைஞர் ஸ்டெலார்க், ஜப்பானில் வாழ்ந்த காலத்தில் 1980இல் செய்து முடித்த ‘மூன்றாவது கை’க்கு, உடலோடு இயந்திரத்தைப் பொருத்தும் கலைப்படைப்புகளில் நான் இன்றும் முதலிடம் தருகிறேன். டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் உருவான மாதிரியை அடியொற்றி அமைந்த இக்கருவி, இழந்த கைக்கு மாற்றாகச் செய்யப்பட்டதன்று. நல்ல நிலையிலுள்ள வலக்கையோடு கூடுதலாகப் பூட்டிக்கொள்ளும் கை இது. ஒளிப்படங்களையும் காணொளிப் பதிவுகளையும் பார்த்தே இதை மதிப்பிடுகிறேன்.

இக்கை பொருளைக் கிள்ளிப் பிடிக்கும், இறுகப் பற்றும், விடும். மணிக்கட்டு 290 பாகை வரை சுழலும். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த அசைவுகளை உடலின் எந்தப் பகுதியிலிருந்து இயக்குவது என்ற முடிவு. கைத்தசைகளையே நம்பியிருந்தால், வலக்கை அசையும்போதெல்லாம் இதுவும் சேர்ந்து அசைந்திருக்கும். வயிற்றிலும் காலிலும் ஒட்டப்பட்ட மின்முனைகள், அங்குள்ள தசைகள் சுருங்கும்போது எழும் நுண்ணிய மின் சமிக்ஞைகளைப் பெற்று இயந்திரத்துக்கு அனுப்புவதால்தான், மூன்று கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்ய முடிகிறது. பொறியியல் தீர்வு ஒன்றே கலையின் கருவாகவும் ஆகிவிடும் இத்தகைய இடம் மிக அரிது.

அதற்குச் சான்று, 1982இல் டோக்கியோவில் மூன்று கைகளாலும் ஒருசேர ‘எவல்யூஷன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய நிகழ்வு. சொல்லின் ஒன்பது எழுத்துகளை மூன்று கைகளும் பங்கிட்டுக்கொண்டன. அடுத்த எழுத்து எந்தக் கைக்குரியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே வயிற்றுத் தசையை அளவோடு இறுக்க வேண்டும். நீண்ட பயிற்சியின்றி இது கைகூடாது. எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் அந்தப் பயிற்சியைக் கலைஞரின் உடல்தான் ஏற்றாக வேண்டும்.

குறைகளும் உண்டு. எப்போதும் அணிந்திருக்கும் உறுப்பாக இதை ஆக்கும் எண்ணம், மின்முனைகளால் தோலில் ஏற்பட்ட எரிச்சலால் நிறைவேறவில்லை. தொடுவுணர்வைத் திருப்பித் தரும் ஏற்பாடும் தொடக்க நிலையிலேயே உள்ளது. ஆயினும், 1998இல் அவர் ஏறி நடத்திய ஆறு கால் இயந்திரத்தின் பிரம்மாண்டத்தைவிட, ஒரு முழங்கையளவே உள்ள இந்தப் படைப்பு எனக்கு நெருக்கமானது. அங்கே அவர் இயந்திரத்தின் மேல் நிற்கிறார். இங்கே இயந்திரம் அவருடைய வயிற்றுத் தசை சொல்வதைக் கேட்கிறது.

இத்துறையில் ஆர்வமுள்ளவர்கள் இந்தப் பதிவுகளை அவசியம் பார்க்க வேண்டும். இதைக் காட்சிக்கு வைப்போர், ஸ்டெலார்க்கின் பெயருக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில், கருவியைச் செய்த பொறியாளர்களின் பெயர்களையும் பொறிக்க வேண்டும்.