கதவைத் தட்டிக் காசு கேட்கும் குழந்தைகள்: கொடுக்கலாமா, மறுக்கலாமா, 1098-ஐக் கூப்பிடலாமா?

சென்னையில் தனி வீட்டில் இருப்பவர்களுக்கும் வாட்ச்மேன் இல்லாத சின்ன அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கும் இது பழக்கமான விஷயம்தான். பெல் அடிக்கும். கம்பிக்கதவுக்கு வெளியே எட்டு, பத்து வயதில் இரண்டு பிள்ளைகள் நிற்பார்கள். "அக்கா, காசு குடுங்கக்கா." யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாது. அந்த நேரத்தில் நமக்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். பத்து ரூபாய் கொடுத்து அனுப்பலாம். இல்லை என்று சொல்லலாம். சாப்பிட ஏதாவது தரலாம். நின்று விசாரிக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடலாம். கதவைத் திறக்காமலே இருந்துவிடுவதும் ஒரு வழி.

இதில் எது சரி என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. தட்டியது யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அரை நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் எல்லாருக்கும் கொடுப்பவர்களும் எல்லாரையும் விரட்டுபவர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் என்பது என் கட்சி.

பண்டிகைப் பிள்ளைகள்

புரட்டாசி சனிக்கிழமை காலையில் நெற்றி நிறைய நாமம், நாமம் போட்ட சொம்பு, அதன் கழுத்தில் துளசி என்று "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பிச்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அப்படி வருவதுண்டு. அந்த அரிசியைப் பொங்கிப் பெருமாளுக்குப் படைப்பார்கள். அவர்களுக்குக் காசை விட ஒரு பிடி அரிசிதான் பொருத்தம். ஆடியில் கூழ் ஊற்ற நோட்டீஸோடு வருகிறவர்கள், விநாயகர் சதுர்த்திக்குச் சின்னப் பிள்ளையாரையும் டப்பா உண்டியலையும் தூக்கி வருகிறவர்கள், டிசம்பரில் கேரல் பாடி வரும் சர்ச் பிள்ளைகள் எல்லாரும் இந்த வகைதான். தூத்துக்குடிப் பக்கம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டிக் காணிக்கை கேட்டு வருகிறவர்களில் குழந்தைகளும் உண்டு. அது நேர்த்திக்கடன்.

இங்கே பணம் கொடுப்பதில் தவறே இல்லை. ஒன்று மட்டும் கேட்டுவிடலாம்: "எந்தத் தெருப் பிள்ளையார்டா, எங்க வச்சிருக்கீங்க?" உண்மையிலேயே வைத்திருக்கிற பையன் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி பந்தல், சீரியல் செட், என்றைக்குக் கரைக்கப்போகிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்வான். சொல்லத் தெரியாமல் விழித்தால் சிரித்து அனுப்பிவிடலாம், அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். தொகை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரே தெருவில் மூன்று பிள்ளையார் இருந்தால் மூன்று கோஷ்டியும் வரும். முதல் கோஷ்டிக்கு ஐம்பது கொடுத்த செய்தி மற்ற இரண்டுக்கும் நீங்கள் கதவைச் சாத்துவதற்குள் போய்விடும்.

கிரிக்கெட் பால் வாங்கக் காசு கேட்கும் பக்கத்துத் தெருப் பையன்களுக்கு விருப்பம் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் "இல்லடா" என்றால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை.

நோட்டும் ரசீதும் கொண்டு வருகிறவர்கள்

லேமினேட் செய்த அட்டை, ஆதரவற்றோர் இல்லத்தின் பெயர், கையில் ஒரு நன்கொடை நோட்டு. உங்களுக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் 500, 1000 என்று கொடுத்திருப்பார்கள், பல சமயம் ஒரே கையெழுத்தில். இந்த வகையில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தை கையில் பணம் கொடுப்பது இருக்கிற வழிகளிலேயே மோசமானது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொது இடத்தில் கை நீட்டுவதை மட்டும் பிச்சை என்று சொல்லவில்லை. எந்தக் காரணத்தைச் சொல்லியும் தனியார் வீட்டு வளாகத்துக்குள் வந்து கேட்பதும் அதன் விளக்கத்தில் அடக்கம். குழந்தையை அப்படிப் பிச்சைக்கு விடுகிறவருக்கு 76-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஆதரவு தேவைப்படும் குழந்தைகளை வைத்து நடத்தும் இல்லங்கள் எல்லாம் 41-ஆம் பிரிவின்படிப் பதிவு செய்திருக்க வேண்டும். முறையாக நடக்கிற இல்லம் தன் பிள்ளைகளைத் தெருத் தெருவாக வசூலுக்கு அனுப்பாது. அனுப்புகிற இல்லத்தை நம்பிப் பணம் கொடுக்க முடியாது.

உதவ மனமிருந்தால் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு எண் கேளுங்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வங்கி வழியாகக் கொடுங்கள். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. ஆக, அதிகமாகக் கொடுக்க நினைக்கிறவருக்கும் வாசலில் எடுத்துக் கொடுப்பதில் லாபமில்லை.

"ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்" என்று வருகிற பிள்ளை கொஞ்சம் வேறு. 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் கையில் தருகிறார்கள். அதற்காகப் பிள்ளை சொல்வது பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். தனியார் பள்ளியில் பாக்கி வைத்துத் தவிக்கிற குடும்பமாகவும் இருக்கலாம். "எந்த ஸ்கூல் கண்ணு? அம்மாவைக் கூட்டிட்டு வா, நான் ஸ்கூல்லயே வந்து கட்டறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தேவை நிஜமென்றால் அம்மா வருவார்.

பசிக்குது என்று நிற்கிறவர்கள்

கஷ்டமான இடம் இதுதான்.

பணம் கொடுப்பதற்கு ஆதரவாகச் சொல்வதற்கும் இருக்கிறது. அந்தக் காசு அன்றைக்கு ஒரு வீட்டின் அரிசியாக மாறலாம். தெரு முனையில் நிற்கிற யாரோ ஒருவருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பிள்ளையாக இருந்தால், வெறுங்கையோடு போனால் அடி விழலாம். ஆனால் அதே காசுதான் பெரியவர் வாசலில் நிற்பதை விடப் பிள்ளையை நிறுத்தினால் நிறையக் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறது. நாளைக்கும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாது. இரண்டையும் தராசில் வைத்தால் பணம் வேண்டாம் என்ற பக்கம்தான் எனக்குத் தாழ்கிறது, கொஞ்சம் நெருடலோடு.

மறுப்பதிலும் தரம் இருக்கிறது. "போ போ" என்று விரட்டுவது மட்டம். "நாளைக்கு வா" என்பது அதைவிட மட்டம், ஏனென்றால் வருவார்கள். "சில்லறை இல்லை" என்பது பழைய காலத்துப் பொய். இப்போது "ஜிபே இருக்குக்கா, அண்ணன் கீழ நிக்கறாங்க" என்று பதில் வரலாம். அப்படி வந்தால் அந்த அண்ணன் யார் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். "காசு குடுக்கறது இல்லப்பா, சாப்பிடறியா?" என்பது நேர்மையான மறுப்பு.

சாப்பாடு என்றால் அங்கேயே தின்கிற மாதிரி கொடுங்கள். வாழைப்பழம், இட்லி, ஒரு டம்ளர் தண்ணீர். பிஸ்கட் என்றால் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுங்கள். பிரிக்காத பாக்கெட்டும், முக்கியமாகப் பால் பவுடர் டப்பாவும் திரும்பக் கடைக்கே போய்க் காசாகிவிடக்கூடும். ஊசிப்போனதைக் கொடுக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வெட்கம்தான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். சாப்பாட்டுக்குப் பணத்தைவிட இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளை சாப்பிடுகிற இரண்டு நிமிடம் பேசக் கிடைக்கிறது.

பேர் என்ன, எத்தனாவது படிக்கிற, கூட யார் வந்திருக்காங்க. இது போதும். போலீஸ் மாதிரி குடையக் கூடாது. நேரத்தையும் பாருங்கள். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2022 செப்டம்பரில் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம் அடுத்த வருடமே மாநிலம் முழுக்க வந்துவிட்டது, மதிய உணவு அதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே இருக்கிறது. பள்ளி நாளில் பதினோரு மணிக்கு ஏழு வயதுப் பிள்ளை உங்கள் வாசலில் பசி என்று நின்றால், அது வகுப்பறையை மட்டுமல்ல, இரண்டு வேளைச் சோற்றையும் சேர்த்தே இழந்திருக்கிறது. உங்கள் பத்து ரூபாய் அதில் எந்தப் பக்கமும் எட்டாது.

அப்போதுதான் 1098. இலவச அழைப்பு, 24 மணி நேரமும் எடுப்பார்கள். 2023-இல் இருந்து அரசே நடத்துகிறது, 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். "பாவம், பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கறதா?" என்று பலர் தயங்குகிறார்கள். சட்டம் அந்தப் பிள்ளையைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகத்தான் பார்க்கிறது. மீட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். பெற்றோர் இருந்தால் விசாரித்து அவர்களிடமே ஒப்படைக்கவும் செய்வார்கள்.

இதன் பலவீனம் வேகம்தான். ஆள் வருவதற்குள் பிள்ளை நாலு தெரு தாண்டியிருக்கும். அதற்காகப் பிடித்து நிறுத்திவைக்காதீர்கள். எந்த இடம், சுமார் என்ன வயது, எந்தப் பக்கம் போனார்கள், கூட இருந்த பெரியவர் எப்படி இருந்தார் என்று சொன்னால் போதும். அதே பிள்ளைகள் அதே நேரத்துக்கு மறுபடி மறுபடி வந்தால் இந்தப் போனுக்குப் பலன் கூடும். காயம், மயக்கக் கண்கள், யாரையோ பார்த்துப் பயப்படுவது போன்றவை தெரிந்தால் முதல் தடவையே போட்டுவிடுங்கள்.

கதவு விஷயம்

நோட்டம் பார்க்கப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்ற பயம் நிறைய வீட்டில் இருக்கிறது. கம்பிக்கதவைப் பூட்டியபடியே பேசினால் அந்தப் பயத்துக்கும் மரியாதைக்கும் சண்டை வராது. வயதானவர்கள் தனியாக இருந்தால் கதவே திறக்காமல் ஜன்னலில் இருந்து பதில் சொல்வதுதான் நல்லது. அவர்களிடம் போய் விசாரி, சோறு போடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. தெரியாத குழந்தையைத் தனியாக வீட்டுக்குள் கூப்பிடுவதும் கூடாது. அது குழந்தையின் பாதுகாப்புக்காகவும்தான்.

படம் பிடித்து "இந்தப் பசங்க உஷார்" என்று குடியிருப்போர் வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுகிற பழக்கம்தான் இருப்பதிலேயே கேவலமானது. இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை எந்த வகையிலும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. குரூப்பில் எழுதத்தான் வேண்டுமென்றால், "பதினோரு மணிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் காசு கேட்டு வந்தார்கள், 1098-க்குச் சொல்லியிருக்கிறேன், வேறு யாராவது பார்த்தால் நீங்களும் சொல்லுங்கள்" என்று எழுதலாம். வாட்ச்மேன் இருக்கிற இடத்தில், பிள்ளைகளை அடித்து விரட்டாமல் அந்த எண்ணுக்குப் போன் போடு என்று அவரிடமும் சொல்லி, கேட் ரூமில் எண்ணை ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.