சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு: ஆபரேஷன் டிரேப் வாங்குகிற சின்ன ஆஸ்பத்திரிகள் கவனிக்கவும்

ரூ.48,600. ஆபரேஷன் டிரேப் வாங்க எங்கள் கணக்கில் இருந்து போன பணம். இன்றுவரை ஒரு பைசா திரும்பவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை என்று இந்தப் பக்கத்தில் சின்ன நர்சிங் ஹோம் நடத்துகிற எல்லோருக்கும் அதை விற்ற இதே ஆட்கள் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. அதனால்தான் கோபம் ஆறுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது காரைக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. மருமகள் மகப்பேறு டாக்டர். கொள்முதல், கணக்கு, சம்பளம் எல்லாம் என் பொறுப்பு. பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கானாடுகாத்தான் பெண்கள் வருவார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் குடியிருக்கிற பெண்களும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து எங்களிடம் சேர்வார்கள். அத்தனை பேரும் எங்களை நம்பி வருகிறவர்கள்.

சிசேரியன் செய்யும்போது பேஷண்ட் மேல் விரிக்கிற விரிப்புக்குத்தான் டிரேப் என்று பெயர். முன்பு பச்சைத் துணியைத் துவைத்து, ஆட்டோகிளேவ் நீராவியில் கிருமி நீக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம். துணி நனைந்தால் ஈரம் அடிவரைக்கும் போகும். ஈரம் போகிற வழியில் கிருமியும் போகும். அதனால்தான் ஒருமுறை விரித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற டிரேப்புக்கு மாறினோம். பாலிப்ரொப்பிலீனில் மூன்று அடுக்காகச் செய்த, நெய்யாத துணி அது. வெளி அடுக்குகள் இரண்டும் பலத்துக்கு. நடுவில் இருக்கிற நுண்ணிழை அடுக்குதான் ரத்தத்தையும் கிருமியையும் தடுக்கிறது. அந்த நடு அடுக்கு மெலிந்துவிட்டால் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை.

சிசேரியன் டிரேப்பில் இதற்கு மேலும் ஒன்று வேண்டும். வயிற்றுப் பகுதியில் ஒரு திறப்பு, அதில் தோலோடு ஒட்டிக்கொள்கிற இன்சைஸ் ஃபிலிம், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பவுச். கர்ப்பப்பையைத் திறந்ததும் பனிக்குட நீர் ஒரே வீச்சில் வரும். நிறைமாதத்தில் அதுவே அரை லிட்டருக்கு மேல் இருக்கும். பின்னாலேயே ரத்தம். இரண்டும் பவுச்சில் விழுந்து, அடியில் இருக்கிற குழாய் வாய் வழியாக, உறிஞ்சி இழுக்கிற கருவியான சக்‌ஷனுக்குப் போக வேண்டும். பவுச்சின் வாய் சுருங்காமல் விரிந்தே நிற்க, அதன் விளிம்பில் வளைகிற பட்டை ஒன்று வைத்திருப்பார்கள்.

தரை சுத்தமாக இருக்கட்டும் என்பதற்காக மட்டும் பவுச் இல்லை. தாய்க்கு எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று டாக்டர் கணக்கு வைப்பது அதில் சேர்வதையும் பார்த்துத்தான். பனிக்குட நீரை முதலில் உறிஞ்சிவிட்டு, அது சேர்கிற பாட்டிலில் எந்தக் கோடு என்று குறித்துக்கொள்வார்கள். அதற்குமேல் ஏறுகிறதை ரத்தமாகக் கொள்வார்கள். சிசேரியனில் 1000 மி.லி.யைத் தொட்டால் அபாய மணி. தரையில் ஓடிய ரத்தத்தை யார் அளப்பது? பேஷண்ட் முதுகுக்கடியில் தேங்கினால் மின்சாரத்தால் ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்துகிற காட்டரிக்காக உடம்பில் ஒட்டியிருக்கிற பிளேட் நனைந்து தோல் வெந்துபோகும் ஆபத்து வேறு. மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கு 3 லிட்டர் சலைன் பை பையாகப் போகும். சிறுநீரகக் கல் எடுக்கிற இடத்திலும் நீர்தான். அங்கெல்லாமும் இதே மாதிரி பவுச் வைத்த டிரேப்தான், அளவும் வடிவமும் மட்டும் மாறும்.

சரி, நடந்ததற்கு வருகிறேன்.

வழக்கமாக வாங்கும் மதுரை ஏஜென்சியில் ஒரு பேக் ரூ.700க்கு மேல் போய்விட்டது. மொத்த வியாபாரிகளையும் வாங்குகிறவர்களையும் இணைக்கிற ஆன்லைன் தளம் ஒன்றில் விலை விசாரித்து ஒரு வரி போட்டேன். அன்றைக்கே போன் வந்தது.

"ஆச்சி, நான் புதுவயல்காரன். வேலை நிமித்தமா வெளியூர்ல இருக்கேன். காசு பத்தி இப்பப் பேசவே வேண்டாம். முதல்ல சாம்பிள் பாருங்க. உங்க சிஸ்டர் சரின்னு சொன்னா மட்டும் ஆர்டர் போடுங்க."

ஊர்ப் பேச்சு, பணிவான குரல். சாம்பிள் இரண்டு பேக் கூரியரில் இலவசமாக வந்தது. எங்கள் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டருக்கு இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். சும்மா தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறவர் இல்லை. ஒன்றைப் பிரித்து மேஜைமேல் விரித்து, பவுச்சில் சலைன் பாட்டில்களைக் கவிழ்த்துவிட்டு மதியம் வரை அப்படியே விட்டார். ஒரு சொட்டுக் கசியவில்லை. சக்‌ஷனில் மாட்டி இழுத்தார், நன்றாக இழுத்தது. ஃபிலிமைத் தன் கையில் ஒட்டி, மடக்கி நீட்டிப் பார்த்தார். மருமகள் கையுறை போட்டுக்கொண்டு தையலைப் பிடித்து இழுத்தாள். பேக்கின் மேல் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பேட்ச் நம்பர், எத்திலீன் ஆக்சைடு (ஈ.டி.ஓ.) வாயுவில் கிருமி நீக்கி ஸ்டெரைல் செய்த விவரம், காலாவதித் தேதி, அந்த வாயு பட்டதும் நிறம் மாறுகிற இண்டிகேட்டர் (அது மாறியும் இருந்தது) எல்லாம் இருந்தன.

"நல்லாத்தான் இருக்கு ஆச்சி, வாங்கலாம்" என்றார் சிஸ்டர்.

இதைவிட ஒரு பொருளை எப்படிச் சோதிப்பது, சொல்லுங்கள். 120 பேக், ஒன்று ரூ.405. மொத்தம் ரூ.48,600. "தளத்து வழியா கட்டினா கமிஷன் ஏறும் ஆச்சி, கம்பெனி கரண்ட் அக்கவுண்ட்டுக்கே போட்டுடுங்க, ஜி.எஸ்.டி. பில்லோட அனுப்பறேன்" என்றான். பில்லும் வந்தது. பணம் போட்டேன். அட்டைப்பெட்டிகளும் சொன்ன வாரத்திலேயே வந்து இறங்கின.

இனிமேல் எழுதுவதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். பெட்டிகளைத் திறந்ததும் மேல் வரிசையில் இருந்தவை அச்சு அசலாகச் சாம்பிள் மாதிரியே இருந்தன. முதல் சில ஆபரேஷனுக்கு அவற்றைத்தான் எடுத்தோம், ஒரு குறையும் இல்லை. கீழ் வரிசைக்குப் போன அன்றைக்குத்தான் மாட்டியது. கர்ப்பப்பையைத் திறந்து நீர் வந்த வேகத்தில் பவுச்சின் இடது பக்கம் அப்படியே பிரிந்துவிட்டது. நீரும் ரத்தமும் மருமகளின் கால்மேலே, மேஜைக்கடியிலே, பேஷண்டின் முதுகுக்கடியிலே. பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தையல் போடுகிற நேரத்தில் கால் வழுக்குகிறது. சிஸ்டர் கிடைத்த துணியை எல்லாம் செருகுகிறார். அனஸ்தீசியா டாக்டர் "பிளட் லாஸ் எவ்வளவு?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் ரத்தம் ஒற்றி எடுத்து நனைந்த மாப் துணிகளை எல்லாம் எடை போட்டு ஒரு மாதிரி கணக்குக்கு வந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

மீதியைப் பிரித்துப் பார்த்தோம். பவுச் சூட்டில் ஒட்டப்படவே இல்லை, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் மளிகைக்கடை கேரி பேக் மாதிரி மெல்லிசு. பலவற்றில் சக்‌ஷன் மாட்டுகிற வாயே கிடையாது. அந்த இடத்தில் வட்டமாக ஒரு கோடு மட்டும் அச்சடித்திருக்கிறது. விளிம்புப் பட்டை இல்லை. ஃபிலிம் கையில் ஒட்டவில்லை. விரிப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் அடியில் வைத்த டிஷ்யூ நனைகிறது. பேட்ச் நம்பர் எல்லாவற்றிலும் ஒன்றே, அதுவும் சாம்பிளில் இருந்த அதே நம்பர். காலாவதித் தேதி ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இன்னொரு தேதி. ஸ்டெரைல் என்று எழுதியிருக்கிறது, இண்டிகேட்டர் நிறம் மாறவே இல்லை. ஸ்டெரைல் ஆகாத பொருளைக் கத்தி வைத்த வயிற்றின் பக்கத்தில் வைக்கச் சொல்லி விற்றிருக்கிறார்கள். இதற்கு ரூ.48,600.

போன் போட்டேன். "சிஸ்டர் விரிக்கத் தெரியாம விரிச்சிருப்பாங்க ஆச்சி." எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் மேனேஜர் லீவு. அப்புறம் "ஸ்டெரைல் ஐட்டம் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அப்ப பிரிக்காததை உங்க செலவுல அனுப்புங்க, குவாலிட்டி டீம் பார்த்துட்டு முப்பது பர்சென்ட் தருவோம்." அதையும் எழுத்தில் கேட்டேன். அன்றோடு என் நம்பர் பிளாக். ஆச்சி, ஆச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். வேறு நம்பரில் பேசினால் ஒரு பெண் எடுத்து "அவர் இப்ப எங்க கம்பெனியில இல்லை" என்கிறாள்.

தளத்துக்காரர்கள் அதைவிட மேல். புகார் கொடுத்ததும் "உங்கள் திருப்தியே எங்கள் நோக்கம்" என்று ஒரு மெயில். பிறகு, நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்கிறவர்கள் மட்டுமே, பணம் எங்கள் வழியாகக் கட்டப்படவில்லை, ஆகவே புகார் முடிக்கப்பட்டது என்று இன்னொன்று. முடிக்கப்பட்டதாம்! அந்தக் கடையின் பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்ற பச்சை முத்திரை இன்றைக்கும் இருக்கிறது. எதைச் சரிபார்த்தார்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீலைக் கேட்டேன். 2019ஆம் வருஷச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கினால் மட்டும் விலக்கு உண்டு, எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும் என்றார். அதாவது என் வீட்டு மிக்ஸி பழுது என்றால் நான் நுகர்வோர், ஆபரேஷன் தியேட்டரில் பவுச் கிழிந்தால் அது வாதத்துக்கு உரிய விஷயம். போலீஸில் மோசடிப் புகார், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தனிப் புகார், இரண்டும் கொடுக்கச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் வருஷக் கடைசியில் ஐந்தொகை போடுகிற பழக்கம் மாமனார் காலத்தில் இருந்து இருக்கிறது. இந்த ரூ.48,600ஐ எந்தத் தலைப்பில் எழுதச் சொல்கிறீர்கள்?

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சாம்பிளை நம்பாதீர்கள், சரக்கு வந்ததும் பெட்டியின் அடியில் இருந்து எடுத்துப் பிரித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். தளத்துக்கு வெளியே கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். லேபிளில் உரிம எண், பேட்ச், தேதி மூன்றும் வேண்டும், பில்லிலும் அதே பேட்ச் நம்பர் இருக்க வேண்டும். ஆபரேஷன் விரிப்புக்கும் கவுனுக்கும் உரிய இந்தியத் தரமான ஐ.எஸ். 17334க்கான சோதனை அறிக்கையை, அந்த பேட்ச்சுக்கு உரியதையே கேளுங்கள். பழைய அறிக்கையின் ஜெராக்ஸ் செல்லாது. சர்ஜரி தொடங்கும் முன் இண்டிகேட்டரைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண்ணை அரசு தளத்தில் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.

வெளிர் நீல விரிப்பு, வெள்ளைப் பேக், வலது மூலையில் பச்சை வட்டம், 120 பேக் ரூ.48,600 என்று யாராவது வாங்கியிருந்தால் தயவுசெய்து ஒன்றைக்கூடப் பேஷண்ட் மேல் விரிக்காதீர்கள். தூக்கியும் எறியாதீர்கள், பேக், பெட்டி, கூரியர் ரசீது எல்லாம் அப்படியே இருக்கட்டும். கீழே ஒரு வரி போடுங்கள். இரண்டு மூன்று ஆஸ்பத்திரி சேர்ந்து போனால் புகாரை இவ்வளவு லேசாகத் தள்ள முடியாது.