கார்புரேட்டர் மாருதி 800-இல் கிளிசரின் வேக்குவம் கேஜ்: மைலேஜுக்கு எவ்வளவு உதவும்?

பழைய கார்புரேட்டர் வண்டிக்கு மைலேஜ் கூட்டித் தரும் என்று விற்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை வீண் செலவு. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தத்தால் ஒரு மாற்றமும் வராது. தண்ணீரைப் பிரித்து எஞ்சினுக்கு ஹைட்ரஜன் கொடுக்கும் ஜாடி இன்னும் மோசம், இருக்கிற பெட்ரோலையும் தின்னும். ஆறு செல் ஜாடிக்கு 15 ஆம்பியர் கொடுத்தால் மணிக்கு 37 லிட்டர் அளவுக்கு ஹைட்ரஜன் வரும். அதை எரித்துக் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ 13 மில்லி பெட்ரோலுக்குச் சமம். அந்த 15 ஆம்பியரை உண்டாக்க ஆல்டர்னேட்டர் எஞ்சினிடமிருந்து பிடுங்கும் சக்திக்கோ அதே ஒரு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் எரிய வேண்டும்.

வாங்கத் தகுந்த பொருள், காருக்காகவே செய்யப்படாத ஒன்று. பம்பு, கம்ப்ரெஸர் சாமான் விற்கும் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கிளிசரின் நிரப்பிய வேக்குவம் கேஜ் அது, எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சலை முள்ளால் காட்டும் கருவி. இது தானாக ஒரு சொட்டு பெட்ரோலையும் மிச்சப்படுத்தாது. பெட்ரோல் எங்கே போகிறது என்று காட்டும். இன்ஜெக்‌ஷன் வருவதற்கு முந்தைய மாருதி 800 போன்ற, கம்ப்யூட்டரே இல்லாத வண்டியில் அதைக் காட்ட இது எளிய வழி.

வாங்கும்போது 63 மி.மீ. டயல் கேளுங்கள். அளவு 0-இலிருந்து −760 மி.மீ. பாதரசம் வரை மட்டும் இருக்க வேண்டும், உள்வட்டத்தில் 0–30 அங்குலமும் இருந்தால் நல்லது. அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் காம்பவுண்ட் கேஜ் வேண்டாம். நமக்குத் தேவையான பகுதி அதில் ஒரு மூலைக்குள் நெருக்கப்பட்டிருக்கும். கிளிசரின் இல்லாத உலர்ந்த கேஜ் விலை குறைவு என்றாலும் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஒத்துவராது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் முள் துடிக்கும், எண்ணைப் படிக்கவே முடியாது. கிளிசரின் இருந்தும் முள் நடுங்கினால் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சின்னக் காற்று வால்வு ஒன்றைக் குழாயின் நடுவில் போட்டு, முள் அமைதியாகும் வரை திருகி மூடுங்கள். முழுவதும் மூடிவிட்டால் முள் உறைந்து பொய் சொல்லும்.

பொருத்துவது அரை நாள் வேலை. கேஜின் கால் அங்குல மரையில் டெஃப்லான் டேப் சுற்றி ஒரு பித்தளை நிப்பிள் போட வேண்டும். அதிலிருந்து பெட்ரோலைத் தாங்கும் 4 மி.மீ. ரப்பர் ஹோஸ். மீன் தொட்டிக் குழாயையே எஞ்சின் வரை கொண்டுபோகிறவர்கள் உண்டு. சூட்டில் அது இளகி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். எங்கே டி-ஜாயின்ட் போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாய் பல கார்புரேட்டர்களில் த்ராட்டில் தட்டுக்கு (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தட்டு) மேலிருந்து எடுக்கப்பட்டது, ஐடிலில் அதில் உறிஞ்சலே இருக்காது. எஞ்சின் ஓடும்போது குழாயைக் கழற்றி விரல் வைத்துப் பாருங்கள். ஐடிலிலேயே விரலை இழுத்தால் அது மேனிஃபோல்டு வேக்குவம் (தட்டுக்குக் கீழே, எஞ்சின் பக்கத்து உறிஞ்சல்), அங்கே போடலாம். ஒவ்வொரு இணைப்புக்கும் கிளிப் கட்டாயம், ஏனென்றால் அங்கே காற்று இழுத்தால் நாம் தேடும் கோளாறை நாமே உண்டாக்கியதாகும். ஃபயர்வாலில் ஹோஸ் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடுங்கள். எஞ்சினிலிருந்து கேஜ் வரை குழாய் ஏறுமுகமாகவே போகட்டும், நடுவில் தொய்ந்தால் அங்கே பெட்ரோல் தேங்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே படிக்க வேண்டும். கடல் மட்டத்தில், ஏசி இல்லாமல், நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் ஓர் அங்குலம் குறையும். கோயம்புத்தூரில் சென்னையைவிட ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும். ஊட்டியில் ஏழு அங்குலம் வரை குறையும், அது கோளாறு இல்லை.

எண்ணைவிட முள்ளின் நடத்தைதான் முக்கியம். அசையாமல் 14, 15-இல் நின்றால் பெரும்பாலும் இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி அடிக்கும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. 10-க்கும் கீழே கிடந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, பழைய 800-இல் முதல் சந்தேகம் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் பேக்கிங். ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் அழுத்துங்கள், எதை அழுத்தும்போது முள் எகிறுகிறதோ அதுதான் ஆள். பேக்கிங் ஓரங்களில் தண்ணீரை மெல்லத் தெளித்தாலும் ஓட்டை இருக்கும் இடத்தில் முள் துள்ளும். இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் தீயோடு விளையாடுகிறார்கள். ஒரே சீராக, ஒரு துடிப்புக்கு ஒருமுறை முள் விழுந்தால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. இனி எந்த ஸ்க்ரூவைத் திருகியும் பயனில்லை. எஞ்சினை 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் சைலன்சர் அடைபட்டிருக்கிறது.

இந்தக் கேஜ் தன் விலையைத் திருப்பித் தரும் இடம், ஐடிலில் காற்றோடு சேரும் பெட்ரோலின் அளவை வைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூ. காதால் கேட்டு வைக்கும் ட்யூனிங் பெரும்பாலும் பெட்ரோல் அதிகமான பக்கமே சாயும், எஞ்சின் அங்கே மிருதுவாக ஓடுவதுபோல் தோன்றுவதால். சோக் முழுவதும் திறந்திருக்கட்டும், ஏர் ஃபில்டர் மாட்டியே இருக்கட்டும். ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருகி, முள் எட்டும் உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். ஐடில் வேகம் கூடியிருந்தால் குறைத்துவிட்டு மறுபடி உச்சம் தேடுங்கள். பிறகு முள் கால் அங்குலம் இறங்கும் வரை பெட்ரோலைக் குறைத்து நிறுத்துங்கள். எவ்வளவு திருகினாலும் முள் அசையவில்லையா? ஐடில் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் நுண்துளை) அடைபட்டிருக்கும், இல்லையேல் ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டருக்குள் நிற்கும் பெட்ரோல் மட்டம்) தவறி மெயின் ஜெட் ஐடிலிலேயே ஒழுகும். மலையில் வைத்த ட்யூனிங்கோடு சமவெளிக்கு இறங்கினால் பெட்ரோல் போதாமல் போகும். எங்கே அதிகம் ஓட்டுகிறீர்களோ அங்கே வையுங்கள்.

இப்போது பம்புகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் இதே வேலை தேவை. ஆக்ஸிஜன் அந்த எரிபொருளுக்குள்ளேயே இருப்பதால், பழைய ஜெட்டோடு மிக்ஸர் இளைத்துப்போகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது. பிக்கப்பில் திணறலும் ஐடிலில் நடுக்கமும் வரும். ஐடிலைக் கேஜ் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் லிட்டருக்கு ஆறு, ஏழு சதவீதம் சக்தி குறைவது எரிபொருளின் இயல்பு, அந்த இழப்பை எந்தத் திருகலாலும் மீட்க முடியாது. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டியில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடு ஏறக் கூடாதென்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் நம் ஊர்களில் நிறைய. அது இல்லாத எஞ்சின் பைபாஸ் சாலையில் ஒருபோதும் சரியான சூட்டுக்கு வராது. குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் வீணாகும், எவ்வளவு நுணுக்கமாக மிக்ஸர் வைத்தாலும் நிற்காது. புதிய தெர்மோஸ்டாட் கேஜைவிட மலிவு.

ஓட்டும்போது கேஜைப் பார்ப்பதில் ஒரு பெரிய தவறான பாடம் பரவியிருக்கிறது: முள் எவ்வளவு உயரமோ அவ்வளவு மைலேஜ் என்று. அது உண்மையில்லை. சமதளத்தில் 50 கி.மீ. வேகத்தில் மூன்றாம் கியரில் போனால் நான்காவதைவிட முள் உயரமாக நிற்கும், ஆனால் பெட்ரோல் அதிகம் எரியும். மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை இழுக்க எஞ்சின் படும் பாடும், கூடுதல் சுற்றுகளின் உராய்வும் சேர்ந்த செலவு அது. ஆகவே எஞ்சின் திணறாத அளவுக்கு உயர்ந்த கியரைப் போட்டு, அந்த கியருக்குள் முள்ளை 7, 8 அங்குலத்துக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். 5, 6-க்குக் கீழே விழுந்தால் கார்புரேட்டரின் கூடுதல் பெட்ரோல் வழி திறக்கும். கார்புரேட்டரின் இரண்டாவது பேரலும் (காற்று நுழையும் குழல்) திறக்கும் அளவுக்கு மிதித்தால் செலவு இன்னும் ஏறும். மேம்பாலம் ஏறும்போது வேகத்தைப் பிடிக்க மிதிக்காமல், முள்ளைப் பிடித்து வேகத்தைச் சற்று விட்டுக்கொடுத்தால் வித்தியாசம் டேங்கில் தெரியும். அந்த வித்தியாசத்தை அளக்க ஒரே பம்பில், நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, குறைந்தது மூன்று டேங்க் கணக்குப் பாருங்கள். ஒரு டேங்க் கணக்கை நம்ப வேண்டாம்.

பொருளில் குறைகளும் உண்டு. டயலில் விளக்கு கிடையாது, இரவுக்குச் சின்ன எல்இடி ஒட்ட வேண்டும். இவற்றில் பலவும் 1.6 வகுப்புத் துல்லியம். அதாவது 12 மி.மீ., ஏறத்தாழ அரை அங்குலம், முன்னே பின்னே காட்டலாம். உச்சம் தேடுவதற்கு இது தடையில்லை, இரண்டு வண்டிகளின் எண்ணை ஒப்பிடத்தான் உதவாது. உச்சியிலுள்ள ரப்பர் மூடியின் நுனியைப் பொருத்திய பிறகு திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் வெயிலில் நிற்கும் காருக்குள் உறையின் காற்று விரிந்து, முள் பூச்சியத்திலேயே நகர்ந்து நிற்கும். திறந்த பிறகு கேஜ் நிமிர்ந்தே இருக்கட்டும், சாய்த்தால் கிளிசரின் டாஷ்போர்டில் வழியும். கீழ்ப்பக்க இணைப்புள்ளதைவிடப் பின்பக்க இணைப்புள்ளது காருக்கு வசதி.

இன்ஜெக்‌ஷன் வந்த பிந்தைய 800-க்கு இதை வாங்கச் சொல்லமாட்டேன். அங்கே திருக மிக்ஸர் ஸ்க்ரூ இல்லை. அந்தப் பணத்தில் ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றி, முன் சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கை விடுவியுங்கள்.