டிம் ஸ்டார்ம்ஸா, திமாஷா?

குரல் வீச்சு என்று பேச்சு வந்தாலே இந்த இரண்டு பெயர்களும் வந்துவிடும். கணக்குப்படி பார்த்தால் போட்டியே இல்லை. அமெரிக்கரான டிம் ஸ்டார்ம்ஸ் 2008இல் பத்து ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த மேல் 'ச' வரை ஒரு ஸ்தாயி) பாடி கின்னஸில் ஏறியவர். பியானோவிலேயே ஏழு ஸ்தாயியும் கொசுறும்தான் இருக்கிறது!

அப்புறம் 2012இல் 0.189 ஹெர்ட்ஸுக்கு இறங்கினார். அதாவது, அந்தச் சுரம் ஒரே ஒரு முறை அதிர்ந்து முடிய ஐந்து நொடிக்கு மேல் ஆகும். நம் காதுக்குச் சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் எட்டாது. கருவிதான் சாட்சி. சாதனை சரி, அதைப் பாட்டு என்று எப்படிச் சொல்வது?

கஜகஸ்தானின் திமாஷ் குதைபெர்கெனிடம் அவ்வளவு ஸ்தாயி கிடையாது. ஆனால் 2017இல் சீனத் தொலைக்காட்சிப் போட்டியில் அவர் பாடியதைக் கேளுங்கள். தணிந்த குரலில் பேசுவதுபோலத் தொடங்கி, மெல்ல ஏறி, கள்ளக்குரலுக்கு (இயல்பான குரல் எட்டாத உச்சத்தில் பாடும் மெல்லிய குரல், ஃபால்செட்டோ) மாறுகிறார். அந்த மாறும் இடத்தில் ஒட்டுப்போட்ட தழும்பே தெரியாது. நம் ஊர்க் கச்சேரிகளில் கள்ளக்குரல் என்றால் முகம் சுளிப்பார்கள். இவரிடம் அதுவே அழகு.

அடித்தொண்டை பாஸ் பிடிக்கும் என்றால் ஸ்டார்ம்ஸ், நல்ல ஹெட்போனோடு. எனக்குத் திமாஷ்தான்.