ஒட்டுத்துணிப் போர்வைக்கு நடுவே எது: கம்பளியா, பருத்தியா, பாலியெஸ்டரா?

சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து மேல்துணியை முடித்தாயிற்று. அடித்துணியும் தயார். இரண்டுக்கும் நடுவே வைக்கும் பேட்டிங் என்ற பஞ்சடுக்குதான் இனிப் பாக்கி. கடையிலும் இணையத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று: பாலியெஸ்டர், பருத்தி, கம்பளி. என் கை கம்பளிக்குத்தான் போகும். மலேசியாவில், எங்கள் தாப்பா வெக்கையில் கம்பளியா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். குளிரை நினைத்து இதைச் சொல்லவில்லை, துவைத்துக் காயப்போடும் நாளை நினைத்துச் சொல்கிறேன்.

பாலியெஸ்டரை இரண்டு வரியில் முடித்துவிடலாம். விலை குறைவு, எடை இல்லை, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உள்ளே வாங்காது. குளிர்சாதனத்தை அணைத்த அரைமணி நேரத்தில் போர்வை உடம்போடு ஒட்டும். சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் உள்ளேயே உருகிக் கட்டியாகிவிடும். மெத்தைக் கடையில் கெஜக்கணக்கில் விற்கும் தளதளவென்ற வெள்ளைப் பஞ்சை மட்டும் வாங்கவே வேண்டாம். அது நாற்காலி மெத்தைக்கானது, நாலைந்து துவைப்பில் அங்கங்கே உருண்டு நிற்கும். தலையணையில் அடைக்கும் இலவம்பஞ்சும் இதற்கு ஆகாது. அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது, ஊசித் துளை வழியே வெளியே பறக்கும்.

ஆக, உண்மையான போட்டி பருத்திக்கும் கம்பளிக்கும்தான்.

பருத்திக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். தட்டையாக இருக்கும், துணி அதன்மேல் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், புதிதாகத் தைப்பவருக்கு அதைவிடச் சுலபமானது இல்லை. தையல் கோடுகளை நெருக்கமாகப் போட வேண்டிய கட்டாயமும் குறைவு. வார்ம் அண்ட் நேச்சுரல் என்ற பெயரில் விற்கும் பருத்தியில் கோட்டுக்கும் கோட்டுக்கும் 10 அங்குலம் வரை இடைவெளி விடலாம். ஹாப்ஸ் நிறுவனத்தின் ஹெயர்லூம் கம்பளியில் 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. விலையிலும் பருத்திக்கே வெற்றி, கம்பளி ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். மூங்கில் கலந்த பேட்டிங்கை நான் துவைத்துப் பார்த்ததில்லை, அதனால் அது இந்த ஒப்பீட்டில் இல்லை.

இனி காய்வதற்கு வருவோம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பேராக்கின் இந்தப் பக்கம் காலையில் வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கெல்லாம் மழை கொட்டும். கொடியில் கிடப்பதற்குக் கிடைப்பது ஐந்தாறு மணி நேரம். சட்டைக்கு அது போதும். பருத்தி வைத்த மூன்றடுக்குப் போர்வைக்குப் போதாது. தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் தையல் கோடுகள் குறுக்கே வெட்டும் இடங்களிலும், நாலு சதுரங்களின் மூலைகள் கூடித் தடித்திருக்கும் இடங்களிலும், ஓரப்பட்டிக்குள்ளும் ஈரம் ஒளிந்திருக்கும். அப்படியே மடித்து அலமாரியில் வைத்தால் நாலாம் நாள் புழுங்கல் வாடை. பிறகு அடித்துணியில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். பருத்தி பூஞ்சைக்குத் தீனி. குளோரின் போட்டால் புள்ளி போகும், கூடவே ஒட்டுத்துணியின் சாயமும் போகும்.

கம்பளி இங்கே எப்படித் தப்பிக்கிறது? கணக்கைப் பார்த்தால் அதுதான் அதிக ஈரம் பிடிக்கும் இழை. 20 டிகிரி வெப்பம், 65 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் கம்பளி தன் எடையில் சுமார் 16 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும், பருத்தி சுமார் 8 விழுக்காடு, பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் அது இழைக்குள் புகுந்த ஆவி. கொடியில் நம்மைக் காக்க வைப்பது இழைகளுக்கு நடுவே தேங்கும் தண்ணீர். பருத்தி நனைந்ததும் சப்பென்று படிந்து தண்ணீரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கம்பளி இழை சுருள்சுருளானது, மேல்பரப்பு தண்ணீரைச் சட்டென ஏற்காது. மெஷினில் பிழிந்ததும் மறுபடி எழும்பி நிற்கும், காற்று உள்ளே புகுந்து வெளியே வரும். காலை எட்டு மணிக்கு விரித்தால் பெரும்பாலும் மழைக்கு முன் எடுத்து மடித்துவிடலாம். தூக்கிப் போடும்போதே வித்தியாசம் கைக்குத் தெரியும். நனைந்த பருத்திப் போர்வைக்கு இரண்டு ஆள் வேண்டும்.

அதே குணம் இரவிலும் உதவுகிறது. வியர்வை ஆவியைக் கம்பளி உள்ளே இழுத்துக்கொள்வதால் பிசுபிசுப்பு இல்லை. மேலே குளிரான கேமரன் மலையில், ரிங்லெட், தானா ராத்தா பக்கம் உறவினர் இருந்தால் அங்கே இதன் அருமை தனி. கீழே தாப்பாவில் குளிர்சாதன அறைக்குத்தான் இது. மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்கு எந்தப் பேட்டிங்கும் வேண்டாம், ஒற்றைத் துணி போதும்.

கம்பளி என்றதும் பழைய லயத்து வீட்டின் சொரசொரப்பான போர்வை ஞாபகம் வந்து சிலர் பயப்படுவார்கள். சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைதான் தோலைக் குத்தும். பேட்டிங்குக்கு அதைவிட மெல்லிய இழை கிடைக்கிறது, அதுவும் இரண்டு துணிகளுக்கு நடுவே கிடக்கிறது. கவலைப்பட வேண்டியது வேறொன்று: நெசவு தளர்ந்த துணி வழியே இழை வெளியே முளைப்பது. பழைய வாயில் சேலையை அடித்துணியாக்கினால் ஒரு மாதத்தில் தாடி வளர்ந்தது போலாகும். நெருக்கமாக நெய்த பருத்தி, பாத்தேக் பருத்தி நல்லது. கறுப்பு, கருநீலம் வேண்டாம், வெள்ளை இழை பளிச்சென்று தெரியும். பாக்கெட்டில் இழைகள் பிசினாலோ வெப்பத்தாலோ பிணைக்கப்பட்டவை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவுக்கு வருவோம். இங்கே குயின் மெத்தை 60க்கு 75 அங்குலம். இரண்டு பக்கமும் கால்மாட்டிலும் 11 அங்குலம் தொங்கவிட்டால் மேல்துணி 82க்கு 86. பேட்டிங் நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 90க்கு 94. குயின் பாக்கெட் 90க்கு 108 வருவதால் சரியாகப் போகும், 14 அங்குலத் துண்டு மிஞ்சும். அதை வீசிவிடாதீர்கள். தரை வரை தொங்க வேண்டும் என்றால் கிங் பாக்கெட்தான்.

தைப்பதற்கு முந்தின நாளே பேட்டிங்கைப் பிரித்துக் கட்டிலில் விரித்து வையுங்கள். மடிப்பு போகவில்லையென்றால் நீராவி இஸ்திரிப்பெட்டியை அரை அங்குலம் மேலேயே பிடித்து நகர்த்தினால் போதும், அழுத்தக் கூடாது. கம்பளி உப்பலாக இருப்பதால் அடுக்குகள் நகரும். எனவே ஊக்குகளை உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக, அதாவது 3 முதல் 4 அங்குலத்துக்குள் குத்துங்கள். மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்தே நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற மெஷின் பாதம் இல்லாமல் நேர்கோடு தைக்காதீர்கள். மேல்துணி முன்னே தள்ளப்பட்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் சுருக்கு விழும். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க வழியிருந்தால் ஒரு படி குறையுங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். ஊசி 90/14 குயில்ட்டிங் ஊசி, பாத்தேக் துணியென்றால் 80/12 கூர்முனை ஊசி. நடுக்கோட்டில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போங்கள். வீட்டு மெஷினின் கைக்கு அடியில் உள்ள இடம் ஆறேழு அங்குலம்தான், போர்வையைச் சுருட்டித்தான் நுழைக்க வேண்டும். கம்பளிச் சுருள் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் அமுக்கினால் அடங்கும்; பருத்திச் சுருள் சிறிதாக இருந்தாலும் கனத்தால் ஊசியை இழுக்கும். போர்வையை மேசையில் தாங்கவிடுங்கள், தொங்கினால் தையல் நீளம் சிறுத்துவிடும்.

கம்பளியை யாரும் கெடுப்பது தைக்கும்போது அல்ல, டோபியில். இப்போது சின்ன ஊரிலும் காசு போட்டுத் துவைக்கும் 24 மணி நேர டோபி இருக்கிறது. அங்குள்ள பெரிய முன்கதவு மெஷின் நல்லதுதான்: குளிர்ந்த நீர், மென்மையான ஓட்டம். ஆனால் ஈரத்தோடு உலர்த்தியில் தள்ளி முழுச்சூட்டில் சுழலவிட்டால், சூடும் ஈரமும் உருட்டலும் சேர்ந்து கம்பளி இழைச் செதில்களைக் கொக்கி போட்டுப் பிணைத்துவிடும். போர்வை சுருங்கி, அட்டை போல விறைக்கும், திரும்ப விரியாது. வீட்டில் மேல்கதவு மெஷின்தான் என்றால் அதில் ஓடவிடாமல், தொட்டியில் இருபது நிமிடம் ஊறவைத்து மிதித்து அலசி, பிழிவதற்கு மட்டும் மெஷினில் போடுங்கள். குளோரின் கம்பளியையே கரைக்கும். கறை தின்னும் என்சைம் தூளும் வேண்டாம், கம்பளி புரதம் என்பதால் அதையும் தின்னும். காயப்போட ஒரே கொடி போதாது; மூன்று மூங்கில் கழிகளை வரிசையாகக் கட்டி, அடித்துணி மேலே தெரிய, நிழலில் விரியுங்கள்.

கம்பளிக்கு ஒரு எதிரி உண்டு: அந்துப்பூச்சி. அதன் புழு, வியர்வையும் உணவுக்கறையும் உள்ள கம்பளியைத்தான் முதலில் தேடும். துவைக்காமல் எடுத்து வைக்காதீர்கள். வேப்பிலை வாசம் ஓரளவு விரட்டலாம், முட்டையைக் கொல்லாது. அந்துருண்டையை நான் ஒதுக்குவதற்குக் காரணம் வாடை மட்டும் இல்லை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அதிலுள்ள நாப்தலின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். நம் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்வதே அந்தக் குறைபாடு இங்கு அரிதல்ல என்பதால்தான். பருத்தி உறையில் போட்டு, மாதம் ஒருமுறை எடுத்து உதறி வெயிலில் ஒரு மணி நேரம் போட்டால் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது ஈரத்தைப் பூட்டி வைப்பது.

வாரம் தவறாமல் துவைக்க வேண்டிய குழந்தைப் போர்வைக்குப் பருத்தியே சரி, சுருங்கினாலும் மனது வலிக்காது. சுவரில் தொங்கவிடவும் பருத்தி. கம்பளி உப்பி நிற்கும், நேராக விழாது. துணி துவைப்பதை வேறொருவர் கையில் விட்டு, உலர்த்தியைத் தடுக்க முடியாத வீட்டிலும் கம்பளி வேண்டாம்.

மிஞ்சிய 14 அங்குலத் துண்டுக்கு இப்போது வேலை வரும். அதில் 12 அங்குலச் சதுரம் வெட்டி, அதே மேல்துணி, அதே அடித்துணி வைத்து 3 அங்குல இடைவெளியில் தைத்து, வழக்கமான மெஷினில் மூன்று முறை துவைத்து அளந்து பாருங்கள். 11½ அங்குலத்துக்குக் கீழே போய், தொட்டால் விறைப்பாகவும் இருந்தால் அந்தப் பேட்டிங்கைத் தொட்டியில் மட்டுமே துவைக்கலாம். போர்வையின் மூலையில் ஒரு துணிச்சீட்டு தைத்து அதை எழுதியும் வையுங்கள்.